சம்பா கோயிலும் செஞ்சிப் பள்ளியும்

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறவர் மாதா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கலாமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. நம்மிடம் நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே விடை சொல்லியிருப்போம். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, செருப்பு வைக்கும் இடத்தில் நால்வர் கூடி நின்று, நம் காதில் விழும் தொலைவில், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே விடையையும் நாலு பேர் அறிய எழுத்தில் தருவதே முறை எனக் கருதினோம்.

நடந்தது இதுதான். சென்ற விடுமுறையில் நம் தெருவைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஒரு வேன் பேசிக்கொண்டு புதுச்சேரி சென்றோம். செஞ்சியிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கும் எட்டுக் கற்றூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அவை பிரெஞ்சுக்காரர் நம் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவை. "நம்ம ஊர்க் கல்லா அத்தா?" என்று ஒரு சிறுவன் தன் தகப்பனாரைக் கேட்டுவிட்டு, வெகுநேரம் அந்தத் தூணைத் தடவிக்கொண்டே நின்றான். அங்கிருந்து சம்பா கோயில் என்று ஊரார் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்துக்குப் போனோம். நாம் பேசி அமர்த்தியிருந்த வழிகாட்டி, முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர், தொப்பியும் முக்காடுமாக இறங்கிய கூட்டத்தைக் கண்டு சற்றே தயங்கி, "உள்ளே வருவீங்களா பாய்?" என்றார். வருவோம் என்றோம். செருப்பைக் கழற்றினோம். அது பூசை நேரமும் அன்று.

அவர் தம் தொழிலை அறிந்தவர். 'சம்பா' என்பதற்கும் நெல்லுக்கும் தொடர்பில்லை, 'சேன் பால்' என்ற பெயரே தமிழர் நாவில் உருண்டு அப்படி ஆயிற்று என்பர் என்றார். முன்பு இங்கிருந்த இயேசு சபையாரின் கோயில் 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்தபோது அழிந்ததையும், இப்போது நிற்பது 1791-இல் நிறைவுற்றதையும் சொன்னார். 'அமலோற்பவம்' என்றால் என்ன என்று நாம் கேட்டோம். இயேசு தகப்பன் இல்லாமல் பிறந்ததைத்தான் அச்சொல் குறிக்கிறது என்று நம்மவரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியன்று. மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவானபோதே ஜென்மப் பாவத்தின் கறை படியாமல் காக்கப்பட்டார் என்பது அதன் பொருள். போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் 1854-இல் அதைத் திருச்சபையின் கோட்பாடாக அறிவித்தார். இதைக் கேட்டதும் நம் நினைவு புகாரி ஷரீபுக்கு ஓடிற்று. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றையும் ஷைத்தான் தீண்டுகிறான், மர்யமும் அவர் மகனாரும் மட்டுமே அதற்கு விலக்கு என்னும் பொருள்பட அதில் ஒரு ஹதீஸ் உண்டு. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஜென்மப் பாவம் என்ற கருத்தே நம் மார்க்கத்தில் இல்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்துவரும் ஒரு ஹதீஸின் அருகில் இப்படியொரு சாளரம் இருப்பதை, ஒரு மாதா கோயிலின் தூணடியில் நின்றுதான் நாம் அறிய நேர்ந்தது.

ஓதும் பிள்ளைகளில் ஒருத்தி, எட்டு வயதுக்காரி, "ஹஜ்ரத், இவங்கதான் மர்யம் அம்மாவா?" என்று கேட்டாள். அவர்களை எண்ணி இவர்கள் செய்துவைத்த உருவம் இது, நாம் உருவம் வைப்பதில்லை, அவர்கள் பெயரால் அமைந்த சூராவை ஓதுகிறோம் என்றோம். அவள் அங்கேயே, வாய்க்குள்ளாக, தனக்குப் பாடமான அளவுக்கு அந்தச் சூராவை ஓதத் தொடங்கினாள். இதில் ஈமானுக்கு என்ன குறை வந்துவிட்டது?

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். எதிர்த்தரப்புக்கு ஆதாரமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம், அது நேர்மையன்று. இமாம் புகாரி அவர்கள் கிறித்தவர் ஆலயத்தில் தொழுவது பற்றி ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். அதன் தலைப்பிலேயே, உருவங்கள் இருப்பதால் உங்கள் கோயில்களுக்குள் நாங்கள் நுழைவதில்லை என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக ஒரு செய்தி வருகிறது. செருப்பு வைக்குமிடத்து நண்பர்கள் இதை அறிந்திருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார்கள். அவர்களுக்காக நாமே எடுத்துத் தருகிறோம். ஆனால் அதே இடத்தில், உருவங்கள் இல்லாத கோயிலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுதார்கள் என்பதும் இருக்கிறது. பாதியை வாசித்து ஏட்டை மூடிவிடக் கூடாது. பிற்கால நூல்களிலும் ஒரே பேச்சு இல்லை. ஹனபி அறிஞருள் வெறுத்தவர் உண்டு; ஷாபிஈ நூல்களில் அவர்களின் இசைவோடு நுழையலாம் என்பது உண்டு; ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா இன்னும் தாராளமாக எழுதுகிறார். இத்தனை பெரியோர் கருத்து வேறுபட்ட ஒன்றில், 'ஹராம்' என்ற சொல்லை வாசற்படியில் நின்றபடி வீசிவிட்டுப் போவது ஆலிம்களின் வழக்கம் அன்று.

பெண்களையும் அல்லவா அழைத்துப் போனார் என்று ஒரு குரல் கேட்டது. அதற்கும் புகாரியிலேயே விடை இருக்கிறது. உம்மு ஹபீபா, உம்மு ஸலமா (ரலி) என்ற அன்னையர் இருவரும் ஹிஜ்ரத் சென்ற அபிசீனிய நாட்டில் ஒரு மாதா கோயிலைக் கண்டவர்கள். அதன் அழகையும், உள்ளிருந்த உருவங்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அவர்கள் எடுத்துரைத்தார்கள். நாயகம் அவர்கள் அப்போது நோயுற்றிருந்தார்கள். நல்லடியார் கப்ருகளின்மேல் கோயில் எழுப்பி உருவம் வரைவதைக் கண்டித்தார்கள். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்த அந்தத் திருவாய், அங்கே ஏன் போனீர்கள் என்று அவ்விருவரையும் கேட்டதாக அந்த ஹதீஸில் இல்லை. அன்னையர் உள்ளே போனார்கள், கண்டார்கள், கண்டதை மறைக்காமல் வந்து சொன்னார்கள். பார்ப்பது வேறு, பங்கேற்பது வேறு. மெழுகுவத்தி ஏற்றினோமா? மண்டியிட்டோமா? இல்லை. வாங்கின் ஓசை காதில் பட்டதும் வெளியே வந்து, பள்ளியைத் தேடிப் போய் லுஹர் தொழுதோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். உண்மையில் நம் மனத்தை அன்று முதல் அரித்துக்கொண்டிருப்பது போனது சரியா என்பதன்று. உள்ளே போய் நாம் கேட்டது முழுக்கதையா என்பதே.

வழிகாட்டி 1761-இன் இடிபாட்டைச் சொன்னார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1748 செப்டம்பரில் நடந்த இடிபாட்டைச் சொல்லவில்லை. இயேசு சபையாரின் கோயிலுக்குப் பக்கத்திலேயே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களில், கவர்னர் துய்ப்ளேயின் ஆணைப்படி அது இடிக்கப்பட்டது. இதைச் சொல்பவர் யாரோ வெளியார் அல்லர். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தாம் எழுதிவந்த நாட்குறிப்பில், கண்ணெதிரே நடந்ததை நெஞ்சு நோக எழுதிவைத்திருக்கிறார். அக்கோயில் பிற்காலத்தில் வேறு தெருவில் எழுந்தது.

வெளியே வந்தபின் நாம் தனியே அந்த இளைஞரிடம் இதைக் கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "தெரியும் பாய். வர்றவங்க சந்தோஷமா வர்றாங்க. எதுக்கு அவங்க மனசைக் கலக்கணும்?" என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தை நாம் ஏற்கவில்லை. கல் நினைவில் வைத்திருப்பதை வாய் மறைப்பது விருந்தோம்பல் ஆகாது. மறைத்தால் அந்தக் கதை செத்துப்போவதில்லை. வேறொருவன் கையில், வேறொரு நாளில், கூராக்கப்பட்ட கத்தியாக வந்து சேரும். சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் அது வரலாறாகவே நின்றிருக்கும்.

இங்கேதான் நம்மவர் உற்சாகம் கொண்டார்கள். திரும்பும் வழியில் வேனில் நாம் அந்த நாட்குறிப்பின் மீதிக்கதையையும் சொன்னோம். ஈசுவரன் கோயிலை இடித்தவர்கள் அடுத்துப் பள்ளிவாசல் ஒன்றிலும் கைவைக்கத் தொடங்கினார்கள். சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் துய்ப்ளேயிடம் சென்று, பள்ளியை இடித்தால் முஸ்லிம் சிப்பாய் ஒருவன்கூட உம்மிடம் நிற்கமாட்டான் என்று அறிவித்தார். எதிரி வாசலில் நிற்கும் நேரம். கவர்னர் பின்வாங்கினார், பள்ளி பிழைத்தது. இதைச் சொல்லி முடித்ததுமே வேனுக்குள் ஸுப்ஹானல்லாஹ் என்றும் மாஷா அல்லாஹ் என்றும் குரல்கள். அப்துர் ரஹ்மானின் பெயரை மகனுக்கு வைக்கப்போவதாக ஒருவர் சொன்னார். மாதா கோயிலுக்குள் போகலாமா என்று முணுமுணுத்தவரும் அதில் ஒருவர்!

நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வேன் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் அந்த மகிழ்ச்சி நம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அப்துர் ரஹ்மான் பள்ளிக்காகப் பேசியது நாட்குறிப்பில் இருக்கிறது. பக்கத்தில் இடிந்துகொண்டிருந்த கோயிலுக்காக அவரோ, அவருடைய படையோ பேசியதாக அதில் நாம் காணவில்லை. கவர்னரைப் பணியவைக்கும் வலிமை அந்த நகரில் அன்று ஒரு கூட்டத்தாரிடம் இருந்தது. அது தன் வீட்டுக் கூரைக்கு மட்டுமே பயன்பட்டது. அப்துர் ரஹ்மானைக் குறைகூற நாம் யார்? அவர் காலம் வேறு, அவர் நெருக்கடி வேறு. ஆனால் இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, குளிரூட்டிய வேனில் உட்கார்ந்து கதை கேட்கும் நாம், கோயில் இடிந்ததைக் கேட்டபோது 'ப்ச்' என்று ஒரு சொல்லோடு நிறுத்தி, பள்ளி பிழைத்ததைக் கேட்டு ஆரவாரித்தோமே, அதற்கு யார் பொறுப்பு?

குர்ஆன் ஷரீபின் ஹஜ் சூராவில் நாற்பதாம் வசனத்தைப் பாருங்கள். இடிபடாமல் காக்கப்பட வேண்டிய இடங்களை எண்ணும்போது, துறவியர் மடங்களையும் கிறித்தவர் கோயில்களையும் யூதர் ஆலயங்களையும் முன்னே நிறுத்தி, பள்ளிவாசலைக் கடைசியில் வைக்கிறது. நம் பட்டியலில் பள்ளிவாசல் முதலில். மற்றவை வந்தால் வரலாம். உருவ வழிபாட்டுக் கோயில் அவ்வசனத்தில் இல்லையே என்று வாதிடும் கெட்டிக்காரர் நம்மிடையே உண்டு. அவர்கள் பலாதுரியின் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலைப் புரட்டட்டும். சிந்து நாட்டில் முஹம்மத் இப்னு காஸிம், அங்குள்ள கோயில்கள் கிறித்தவ, யூத ஆலயங்களையும் மஜூஸிகளின் நெருப்பு வீடுகளையும் போன்றவையே என்று முடிவு கூறியதை அதில் காண்பார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இளம் படைத்தலைவர் ஒருவருக்கு விளங்கியது இது.

இந்த நீதியைப் பிறரிடம் கேட்பதில் நாம் பின்வாங்குவதே இல்லை. குர்துபாவின் பெரிய பள்ளியை எண்ணி உருகாத எழுத்தாளர் நம்மில் உண்டா? 785-இல் தொடங்கப்பட்டு, 1236-இல் மாதா கோயிலாக்கப்பட்ட அந்த இடத்துக்கு 1933-இல் அல்லாமா இக்பால் சென்றார்; தொழுதார்; பாடினார். அங்கே பார்வையாளருக்குத் தரும் பிரசுரங்களில் 'மஸ்ஜித்' என்ற பெயர் மங்கி, 'பேராலயம்' என்பது மட்டுமே ஓங்கிற்று. 2014-இல் அதை எதிர்த்து மனு எழுப்பியவர்கள் அந்நகர மக்களே, இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். நாம் அதைப் படித்து நெகிழ்ந்தோம். அயா சோபியாவுக்குப் போகும் நம்மவர், 537 முதல் தொள்ளாயிரம் ஆண்டுகள் அது யாருடைய கோயிலாக இருந்தது என்பதை அங்கிருந்து திரும்பிவந்து அதே நெகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா?

மாதா கோயிலைச் சுற்றிப் பார்த்த முஸ்லிம்களில் தலைசிறந்தவர் யார் என்று யோசித்தால் உமர் (ரலி) அவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். பைத்துல் முகத்தஸ் சரணடைந்தபோது, தலைமைக் குரு ஸோப்ரோனியஸ் அவர்களை அழைத்துப்போய்த் தம் பெரிய கோயிலைக் காட்டினார். இதை எழுதியவர் பத்தாம் நூற்றாண்டில் அலக்சாந்திரியாவில் தலைமைக் குருவாயிருந்த ஸயீத் இப்னு பத்ரீக் என்ற கிறித்தவர். தொழுகை நேரம் வந்தது. இங்கேயே தொழுங்கள் என்றார் குரு. கலீபா மறுத்து, வெளியே படிக்கட்டில் தொழுதார். உமர் தொழுத இடம் என்று காரணம் காட்டிப் பின்வருவோர் இக்கோயிலைப் பறித்துவிடக் கூடாது என்பதே அவர் சொன்ன விளக்கம். தன் காலத்தவருக்கு மட்டுமன்றி, தனக்குப் பின்வரும் தன் கூட்டத்தாருக்கும் அஞ்சிய மனிதர்! மற்றவரின் கோயில் அவர்களுடையதாகவே நிலைக்க வேண்டும் என்ற கவலையோடு அவர் உள்ளே போனார். இன்றளவும் அக்கோயிலின் திறவுகோல் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கையில்தான் இருக்கிறது.

நம் ஊருக்கே திரும்பி வருவோம். செஞ்சிக் கோட்டையில் ஸஆதத்துல்லா கான் பள்ளி இருக்கிறது. 1714-இல் தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டபின், 1717-18-இல் நவாப் எழுப்பியது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக நம் செஞ்சியையும் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது, தமிழ்நாட்டில் இதொன்றுதான். வெளியூர், வெளிநாட்டுக் கூட்டம் வருகிறது. தானியக் களஞ்சியத்தைக் காட்டுகிறார்கள், கல்யாண மகாலைக் காட்டுகிறார்கள், ராஜகிரியின் உச்சியைக் காட்டுகிறார்கள். பள்ளியின் முன்னே நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்? செஞ்சியில் ஓதிக்கொடுக்கும் நாம் உட்பட ஒருவரும் இல்லை. அதை எட்டிப் பார்க்காதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சொல்வதானால் முழுவதும் சொல்ல வேண்டும். அது வெற்றியின் நினைவாக எழுந்த பள்ளி; தோற்றவன் இளைஞன்; அவன் மனைவி தீப்பாய்ந்தாள். ஊர் இன்றும் பாடுவது தோற்றவனையே. வென்ற நவாபின் பெயர் கல்லில் இருக்கிறது, நாட்டார் நாவில் இல்லை. அந்த நாவில் இருக்கும் முஸ்லிம் வேறொருவர்: மகபத் கான். தன் திருமணத்தையே விட்டெழுந்து, நண்பன் தேசிங்குக்காகக் களம் புகுந்து மாண்டவர் என்று கதைப்பாடல் சொல்கிறது. அவருடைய அடக்கத்தலம் என்று நீலாம்பூண்டியில் மக்கள் காட்டுகிறார்கள். வென்றவரும் நம்மவர், தோற்றவன் பக்கத்தில் உயிர்விட்டவரும் நம்மவர். இரண்டில் ஒன்றை மறைத்துச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. நவாபை மட்டும் சொன்னால் செருக்கு. மகபத் கானை மட்டும் சொன்னால், நல்லிணக்க விழாவில் பொன்னாடை வாங்கும் பேச்சு. அந்த வழிகாட்டி இளைஞர் 1748-ஐ விட்டுவிட்டதற்கு நாம் வருந்தினோமே, 1714-ஐ நாம் எப்படிச் சொல்லப்போகிறோம்?

அந்தக் கோட்டைப் பள்ளியாவது தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். நாம் அன்றாடம் தொழும் பள்ளிகளோ? அக்கம்பக்கத்து இந்துச் சகோதரர், ஐம்பதாண்டுக் காலம் வாங்கோசை கேட்டு வளர்ந்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருநாளும் கண்டதில்லை. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பாயும் மிஹ்ராபும் மிம்பருமே என்று அறிந்தால் அவருக்கு வியப்பாக இருக்கும். ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3-ஆம் நாள் பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறக்கப்படுகின்றன. அபுதாபியில் ஷைக் ஸாயித் பள்ளியை வழிகாட்டியே அழைத்துப்போய்க் காட்டுகிறார், கட்டணமின்றி. அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். நஜ்ரான் கிறித்தவர் மதீனாவுக்கு வந்தபோது, அவர்கள் தங்கள் வழிபாட்டையே நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் நிறைவேற்றினார்கள் என்று சீறா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். நம் பள்ளியில் ஒருவர் வந்து பார்ப்பதற்கே ஜமாஅத் கூடி மூன்று தடவை யோசிக்கிறது.

செருப்பு வைக்குமிடத்து நண்பர்களில் ஒருவர், இக்கட்டுரை எழுதத் தொடங்கியது தெரிந்து வீடு தேடி வந்தார். மரியாதைக்குரியவர். "ஹஜ்ரத், நீங்க படிச்சவங்க, போனால் கெட்டுப்போக மாட்டீங்க, பிள்ளைங்க கெட்டுப்போயிட்டா?" என்று கேட்டார். அவருடைய அச்சம் பொய்யன்று. தகப்பனின் அச்சம் அது. ஒரு மணிநேரம் பேராலயத்தைப் பார்த்துக் கெட்டுவிடக்கூடிய ஈமானைத்தான் பத்தாண்டு மத்ரஸாவில் நாம் ஊட்டியிருக்கிறோமா என்று திருப்பிக் கேட்டோம். சிரித்துவிட்டார். தேநீர் குடித்துப் போனார். மனம் மாறினாரா என்பது தெரியாது.

அதற்கடுத்த வாரம் ஓதும் பிள்ளைகளில் எழுத்து நன்றாக வாசிக்கும் ஆறு பேரை அழைத்துக்கொண்டு கோட்டைக்குப் போனோம். காகிதமும் பென்சிலும் அவர்களே எடுத்து வந்திருந்தார்கள். கல்வெட்டு பாரசீகம், எழுத்து மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது, மொழி தெரியாது. ஒருவன் ஓர் எழுத்தைச் சொல்ல, இன்னொருவன் இல்லை என்று மறுக்க, அந்த எட்டு வயதுக்காரி தரையில் உட்கார்ந்து, கண்ட வடிவத்தை அப்படியே வரைந்துகொண்டிருந்தாள். வடக்கேயிருந்து வந்த சுற்றுலாக் குடும்பம் ஒன்று பக்கத்தில் வந்து நின்று, இது என்ன என்று இந்தியில் கேட்டது. நமக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் சொல்லத் தொடங்கினோம். 1714-இலிருந்து தொடங்கினோம். தேசிங்கு விழுந்த இடத்துக்கு வருமுன்பே வெயில் ஏறிவிட்டது, அவர்கள் போகவில்லை.